பொங்கல் வரைக்கும் ஆர்டர் இல்லை

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தை மாதம் கொடுத்த டைரி. மாப்பிள்ளை அதை ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். எடுத்துத் துடைத்து இன்று தொடங்குகிறேன். ஊரே ‘டல்லு, டல்லு’ என்று புலம்புகிற காலத்தை விவரம் தெரிந்த ஒருவன் எழுதி வைக்காவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்கு என்ன தெரியும்? நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவன். பத்தாவது எழுதியிருந்தால் மாநிலத்தில் முதலாவதாக வந்திருப்பேன் என்று கணக்கு வாத்தியார் அழுதுகொண்டே சொன்னார்.

பெயர் ராக்கியப்பன். கோயமுத்தூர் கணபதியில், பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு வீதியில், என் தங்கச்சி சரசுவின் வீட்டுக்காரர் தங்கமுத்து, அதாவது மாப்பிள்ளை, வைத்திருக்கும் லேத் பட்டறைக்கு நான்தான் மேனேஜர். கார் பிரேக்குக்குள் உட்காருகிற ஒரு சின்ன இரும்பு வளையம், புஷ் என்போம். அதைக் கடைந்து பெரிய கம்பெனிக்குக் கொடுக்கிறோம். கடைகிறது வெள்ளிங்கிரியும் சகாயமும். பிசிறு தேய்க்கிறது மாராத்தாள். பில் போடுகிறது தங்கச்சி மகள் யமுனா, பி.காம். சரக்கை மொபெட்டில் கட்டிக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான். ஆக, பட்டறையின் மூளை முழுக்க என்னுடையது.

மாப்பிள்ளைக்குப் போன வாரம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். பொறி தெறிக்கிற பக்கமே இரண்டு மாதம் போகக்கூடாதென்று டாக்டர் உத்தரவு. கறுப்புக் கண்ணாடி போட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பார்க்க மந்திரி மாதிரி இருக்கிறார். பேச்சுதான் இல்லை.

விஷயம் இதுதான். கார் விற்கவில்லை. கம்பெனி மாதத்தில் பத்து நாள் கேட்டைச் சாத்துகிறது. நமக்கு வரும் ஆர்டர் பாதியாகி, அந்தப் பாதியும் பாதியாகிவிட்டது. நேற்று மத்தியானமே வெள்ளிங்கிரி மெஷினைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே வந்ததும் எழுந்து மறுபடியும் துடைத்தான்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

கம்பெனிக்குப் போனேன். பர்ச்சேஸ் பார்க்கும் கிருபாகரன் சாருக்கு என்னைக் கண்டால் தனி மரியாதை. இரண்டு மணி நேரம் வெளியே உட்கார வைத்தார், அவ்வளவு நெருக்கம்.

"ஆர்டர் ஷெட்யூல் இன்னும் வரலைங்க. வந்தா சொல்றேன்" என்றார். செல்போனைப் பார்த்தபடியேதான் சொன்னார். வாய் அதைத்தான் சொன்னது. ஆனால் மனுஷனுடைய கண்ணைப் படிக்கத் தெரிந்தவன் நான். கண் சொன்னது வேறு: பொங்கல் வரைக்கும் ஒன்றும் கிடையாது.

திரும்பும்போது ஜோஸ் சேட்டன் டீக்கடையில் நிறுத்தினேன். வீதியின் பட்டறைக்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் நின்றார்கள்.

"ராக்கியப்பண்ணா, கம்பெனில எந்தா சொன்னாங்க?" என்றார் சேட்டன்.

"என்னத்தச் சொல்ல. எந்திரிச்சு வந்து தோள்மேல கை வெச்சாரு. ‘பொங்கல் வரைக்கும் ஒரு புஷ் கெடையாது ராக்கியப்பன். உங்களுக்கு மட்டும் சொல்றேன், வெளிய சொல்லீராதீங்க’ன்னாரு. கண்ணுல தண்ணி."

எதிர்ப்பட்டறை நாச்சிமுத்து கடித்த வடையை மெல்லாமல் வாயில் வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் என் பேச்சுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

தூறல். கேஸ் சிலிண்டர் மாற்றினேன். பட்டறையில் மதியத்துக்கு மேல் சத்தமில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் யமுனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, கிருபாகரன் சார் பொங்கல் வரைக்கும் இல்லைன்னா சொன்னாரு? நான் போன்ல கேட்டப்போ செப்டம்பர் கடைசில ஷெட்யூல் வரும்னுதான சொன்னாரு?"

"போன்ல எல்லாம் உள்ளதச் சொல்லுவாங்களா கண்ணு? நேர்ல பாக்கறவனுக்குத்தான் தெரியும்."

அவள் பில் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு, "நீங்க டீக்கடைல இதச் சொல்லிட்டுத் திரியாதீங்க மாமா" என்றாள். எதற்கென்று கேட்டதற்குப் பெரிய பாடமே எடுத்துவிட்டாள். பரவாயில்லை, படித்த பெண், கேட்டுக்கொண்டேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

"நாடு பூரா செய்யறதும் வாங்கறதும் மாசக்கணக்கா கொறைஞ்சுட்டே போனா அதுக்குப் பேருதான் மந்தநிலை மாமா. அது எதுனாலயும் ஆரம்பிக்கலாம். வட்டி ஏறலாம், எண்ணெய் வெலை ஏறலாம். விக்கும்னு நம்பித் தேவைக்கு மேல செஞ்சு குமிச்சு வெச்சிருக்கலாம். கடன் குடுத்தவங்க பயந்து கைய மடக்கிக்கலாம். ஆனா எதுல ஆரம்பிச்சாலும் வளர்றது பயத்துலதான். இப்பப் பாருங்க, நீங்க வடை திங்கறத நிறுத்துனா சேட்டனுக்கு வரும்படி கொறையும். சேட்டன் பால்காரருக்குக் கொறைப்பாரு. பால்காரரு மகனுக்கு பைக் வாங்கறதத் தள்ளிப் போடுவாரு. பைக் விக்கலைன்னா பைக் கடைக்காரரு கார் வாங்கமாட்டாரு, கார் விக்கலைன்னா நமக்குப் புஷ் இல்ல. ஒருத்தரு செலவுதான் இன்னொருத்தரு சம்பளம்."

"அப்ப நான் வடை தின்னா நாடு நிமிந்துரும்ங்கற."

"நீங்க ஒருத்தரு தின்னாப் பத்தாது மாமா" என்று சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். "ஒரு வீடு சிக்கனமா இருந்தா அந்த வீட்டுக்கு நல்லது. எல்லா வீடும் ஒரே நேரத்துல கைய இறுக்கிட்டா எல்லாருக்குந்தான் வரும்படி போகும்."

பொழுதோடு டீக்கடையில் இதையே எடுத்துச் சொன்னேன். டெல்லியில் பெரிய பேங்கில் இருக்கும் என் சிநேகிதர் சொன்னதாகச் சொன்னேன், அப்போதுதான் மதிப்பு. கொஞ்சம் மேலே சேர்த்து, ஜெர்மனியில் ஒரு ஊரில் எல்லாரும் வடையை நிறுத்தியதால் கார் பாக்டரி மூடியதையும் விளக்கினேன்.

எல்லாம் கேட்டுவிட்டு நாச்சிமுத்து, "அப்ப வரப் போறது பெரிய ஆபத்து. இப்பவே கைய இறுக்கிப் புடிச்சுக்கோணும்ங்கறீங்க" என்றார்.

விஷயத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பிள்ளையார் சதுர்த்தி நேற்று முடிந்தது. இனி ஆயுத பூஜை வேலை என் தலையில். வீதியின் எல்லாப் பட்டறைக்கும் பொரி, கடலை, பூசணிக்காய், ஸ்வீட் பெட்டி எல்லாம் மொத்தமாக நான்தான் ஆர்டர் எடுத்துக் கடையில் சொல்வேன். யாரும் என்னைச் சொல்லச் சொன்னதில்லை. பொறுப்பு தானாக வந்து சேர்ந்தது.

இதில் ஸ்வீட் பெட்டிதான் முக்கியம். பூஜை முடிந்து முதலாளி ஆளுக்கொரு பெட்டி கையில் கொடுத்து போனசும் கொடுப்பார். இந்த வீதியில் யாரையும் வாயைத் திறந்து ‘நீ வேலைல இருந்து நின்னுக்கோ’ என்று சொல்கிற பழக்கம் இல்லை. பூஜையன்று எவனுக்குப் பெட்டி இல்லையோ அவன் புரிந்துகொள்வான். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். இரண்டு பக்கமும் மரியாதை. அதனால் நான் ஆர்டர் எடுக்கும் நாளிலிருந்தே எல்லாருக்கும் காது நீண்டுவிடும். எந்தப் பட்டறையில் எத்தனை பெட்டி என்பது சட்டசபைத் தேர்தல் மாதிரி பேசப்படும். அறிவிக்கிறவன் நான்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று ஒரு தியாகம் செய்தேன். யாருக்கும் சொல்லவில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நம் பட்டறைக்குப் போன வருஷம் ஐந்து பெட்டி. வெள்ளிங்கிரி, சகாயம், மாராத்தாள், யமுனா, நான். மாப்பிள்ளையிடம் கேட்டபோது, "எப்பவும் போலச் சொல்லீருங்க மச்சான்" என்றார். மனுஷன் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? வீட்டு ஆளுக்கு எதற்குப் பெட்டி? எனக்குச் சர்க்கரை, யமுனா இனிப்பே தொடமாட்டாள். இரண்டைக் கழித்தேன்.

டீக்கடையில் எல்லாருடைய ஆர்டரையும் உரக்கச் சொல்லும்போது, கடைசியில் நம்முடையது. "தங்கமுத்து பட்டறை, இந்த வருஷம் மூணே மூணு!" என்று கையை உயர்த்திக் காட்டினேன். காரணம் சொல்லவில்லை. பெரிய மனுஷன் காரணம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

"மூணா? உங்க பட்டறைலயா?" என்றார் நாச்சிமுத்து.

"காலம் அப்பிடிங்க" என்று பெருமூச்சு விட்டேன்.

வெள்ளிங்கிரி பெஞ்சின் ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனான். டீ ஆறிவிட்டது போல.

செப்டம்பர் 9, திங்கள்

என் கணிப்பு எவ்வளவு சரி என்பதற்கு இன்று அத்தாட்சி கிடைத்தது. இரும்பு ராடு கடைக்காரர் பழனிவேல், இத்தனை வருஷமாக மாதக் கடைசியில் பணம் வாங்கிக்கொள்கிறவர், இனி ரொக்கம் கொடுத்தால்தான் ராடு என்றுவிட்டார்.

"ஏனுங், எங்க மேலயே நம்பிக்கை இல்லீங்களா?" என்றேன்.

"உங்க மேலன்னு இல்லீங். பொங்கல் வரைக்கும் கம்பெனில ஆர்டர் கெடையாதாமா. வீதியே சொல்லுது. நாச்சிமுத்து ரெண்டு பேர நிறுத்திப்போட்டாரு. உங்க பட்டறையிலயே ரெண்டு பேர் போறாங்களாமா. நான் யாரை நம்பிக் கடன் குடுக்கறது?"

பாருங்கள், எனக்குச் சம்பந்தமே இல்லாத மனுஷன், வேறு வழியாக அதே தகவல். பொங்கல் என்று அவரும் சொல்கிறார். நான் கண்ணில் படித்தது பொய்யாகுமா?

செப்டம்பர் 14, சனி

சம்பள நாள். சம்பளம் வாங்கியதும் வெள்ளிங்கிரி தன் பெட்டியிலிருந்து சொந்த டூல்களை எடுத்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டான். அளவு பார்க்கும் மைக்ரோமீட்டரை மட்டும் தனியாகத் துணியில் சுற்றினான். அவன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கொடுத்தது.

"போய்ட்டு வரனுங்க" என்று மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றான்.

"எங்க?"

"ஜவுளிக்கடைல ஆள் கேட்டாங்க. திங்கக்கெழமைல இருந்து வரச் சொல்லியிருக்காங்க."

மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஏன் வெள்ளிங்கிரி?"

"நீங்க சொல்லச் சங்கடப்படுவீங்க. அந்தச் சங்கடம் உங்களுக்கு வேண்டாமுங்க."

"நான் என்ன சொல்லப் போறேன்?"

வெள்ளிங்கிரி என்னைப் பார்த்துச் சிரித்தான். "மேனேஜருக்குத் தெரியுமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். போகிற வழியில் தன் மெஷினின் கைப்பிடியைச் சும்மா ஒரு தட்டுத் தட்டினான்.

"என்னுங் மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"சூப்பர்வைசர் வேலைங்க. நாந்தான் அந்த முதலாளிகிட்டச் சொல்லி வெச்சேன். இங்க ஒக்காந்து ஈ ஓட்டறதுக்கு அங்க போயிப் பொழைக்கட்டும்னு."

மாப்பிள்ளை கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றார். வெள்ளிங்கிரியைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா தெரியவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

சரசு சோறு போடும்போது, "ஏண்ணா, எங்க கடைசிக் காலத்துல அந்த வெள்ளிங்கிரிதான் புள்ள மாதிரி நின்னு பொணந் தூக்குவான்னு இவரு சொல்லிட்டே இருப்பாரு" என்றாள். ரசம் உப்பு.

செப்டம்பர் 21, சனி

சகாயமும் போய்விட்டான். திண்டுக்கல் பக்கம் மாமனார் தோட்டத்துக்குப் போகிறானாம். "வெள்ளிங்கிரி அண்ணனையே வேண்டாம்னுட்டாங்க, அடுத்தது நாந்தான" என்று சொல்லிவிட்டுப் போனானாம் மாராத்தாளிடம். கடைய ஆளில்லாத இடத்தில் பிசிறு ஏது? மாராத்தாளும் சித்தாள் வேலைக்குப் போகிறாள்.

வீதியில் எல்லாரும் இப்படித்தான். ஆளைக் குறைத்துவிட்டார்கள். ஜோஸ் சேட்டன் பால் வாங்குவதைக் குறைத்து, வடைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டார். அரை டீ கேட்கிறவன்தான் அதிகம். "ராக்கியப்பண்ணா, நிங்கள் சொன்னது போலத் தன்னே ஆயி" என்றார். நான் சொன்னால் சொன்னதுதான் என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு டம்ளர் கழுவினார்.

செப்டம்பர் 25, புதன்

ஷெட்யூல் வந்துவிட்டது!

கிருபாகரன் சார் யமுனாவுக்குப் போன் செய்தார். இரண்டாயிரம் புஷ், அக்டோபர் ஐந்துக்குள். இதைச் சரியாகக் கொடுத்தால் அடுத்த மாதமும் நமக்கே என்றாராம்.

யமுனா அதை இரண்டு தடவை சொன்னாள். மாப்பிள்ளை எழுந்து இரண்டு மெஷினையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சரசு ஒன்றும் கேட்காமல் கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்தாள். ராடு கடை பழனிவேலுக்கு ரொக்கம் வேண்டுமே. மத்தியானத்துக்குள் அடகு வைத்து, ராடு வந்து இறங்கிவிட்டது. அவ்வளவு வேகம் நான் பார்த்ததில்லை.

ஆனால் கடைய ஆள்?

பக்கத்துப் பட்டறைகளில் கேட்டோம். ஒவ்வொரு பட்டறையிலும் மெஷின் நிற்கிறது, ஆள் இல்லை. நாச்சிமுத்துவுக்கும் இன்று சின்ன ஆர்டர் வந்திருக்கிறது. அவரும் ஆள் தேடி அலைகிறார். வீதி முழுக்க ஒரே நேரத்தில் ஒரே ஆளைத் தேடுகிறது.

"வெள்ளிங்கிரி வந்தாப் போதும்" என்றார் மாப்பிள்ளை. "ரெண்டு ஆள் வேலையச் செய்வான். நீங்க போய்க் கூட்டியாங்க மச்சான். நான் கூப்புட்டேன்னு சொல்லுங்க."

செப்டம்பர் 26, வியாழன்

யமுனா ஸ்கூட்டரில் நானும் போனேன். ஜவுளிக்கடையின் கார் நிறுத்துமிடம். வெள்ளிங்கிரி நீலச் சட்டை, தொப்பி, வாயில் விசில். பின்னால் வருகிற காருக்குக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க மேனேஜர். வா கண்ணு" என்றான். "இத்தன வருசமா காருக்குப் புஷ் கடைஞ்ச கை, இப்ப காருக்கு வழி காட்டுது. மரியாதைதான், பாருங்க, தொப்பியெல்லாம் குடுத்திருக்காங்க."

யமுனா ஆர்டர் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் ஒரு நொடி மாறியது. கை தன்னாலே சட்டைப் பையைத் தொட்டது, மைக்ரோமீட்டர் வைக்கிற பழக்கம். அங்கே விசில் கயிறுதான் இருந்தது.

"பத்து நாள் வந்து ஓட்டிக் குடுக்கறேன், அப்பறம்? இங்க வேற ஆளப் போட்டுருவாங்க. சின்னவளுக்குப் பீசு கட்டோணும் கண்ணு."

"அப்பா உங்கள எப்பவும் விடமாட்டாருண்ணா."

"அதெப்பிடிக் கண்ணு? அஞ்சு பொட்டி மூணாச்சுன்னு இவருதான கைய ஒசத்திச் சொன்னாரு? வீட்டு ஆள் ரெண்டு போக, பட்டறை ஆளுக்கு ஒரே பொட்டி. சம்பளம் கொறைஞ்ச மாராத்தாளுக்குத்தான் அது. எனக்கும் சகாயத்துக்கும் கணக்குத் தெரியாதா? பொங்கல் வரைக்கும் ஆர்டர் இல்லைன்னு கம்பெனியே சொல்லிருச்சு, பாவம் உங்கப்பாவும் என்ன செய்வாரு."

ஒரு கார் ஹாரன் அடித்தது. விசிலை ஊதிக்கொண்டே போய்விட்டான்.

திரும்பும்போது பாதி வழியில் யமுனா கேட்டாள். "மூணு பொட்டி யாருக்குச் சொன்னீங்க மாமா?"

"வெள்ளிங்கிரி, சகாயம், மாராத்தா. நமக்கெதுக்குக் கண்ணு? உங்கப்பாவுக்கு ரெண்டு பொட்டி மிச்சமாகட்டும்னு..."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். ரோட்டில் தூசி அதிகம்தான்.

செப்டம்பர் 27, வெள்ளி

மாப்பிள்ளை கேட்டார்: "மச்சான், பொள்ளாச்சில சின்ன வயசுல லேத் ஓட்டுனேன்னு சொல்லுவீங்களே."

சொல்லியிருக்கிறேன். ஜப்பான்காரன் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்ததையும் சொல்லியிருக்கிறேன்.

"பின்னே? கண்ணக் கட்டிட்டு ஓட்டுவேன்" என்றேன்.

உள்ளேயிருந்து சரசு, "அண்ணா, நீ அங்க எண்ணெய் தொடைக்கத்தான போன? ரெண்டே மாசத்துல ஓடி வந்துட்டயே" என்றாள். சின்னப் பெண் அப்போது, அவளுக்கு என்ன தெரியும்.

மாப்பிள்ளை என்னையே பார்த்தார். வேறு யாரும் இல்லை. ஸ்விட்சைப் போட்டார்.

செப்டம்பர் 28, சனி

என் வேகத்துக்கு இந்த மெஷின் ஈடு கொடுக்கவில்லை. யமுனா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புஷ்ஷாக அளந்தாள். சரியானது வலது பக்கம், ரிஜெக்ட் இடது பக்கம். பொழுது சாயும்போது இடது பக்கம் ஒரு குன்று. வலது பக்கம் பேப்பர் விரித்த இடத்தில் பேப்பர் தெரிந்தது.

முழங்கையில் சூடான இரும்புச் சுருள் பட்டுக் கொப்புளம். அது வீரத் தழும்பு.

செப்டம்பர் 29, ஞாயிறு

காலையில் நான் போவதற்கு முன்பே மெஷின் ஓடுகிற சத்தம். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கியது.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்று சரசு வாசலிலிருந்து கத்தினாள்.

"டாக்டரா வந்து கம்பெனிக்குப் பதில் சொல்லுவாரு? உள்ள போ."

எனக்கு ராடு எடுத்துக் கொடுக்கிற வேலை. கொடுத்தேன். நன்றாகக் கொடுத்தேன் என்று யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 2, புதன்

மாப்பிள்ளையின் கண் ரத்தக் கட்டியாகச் சிவந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாப்பிள்ளையைத் திட்டியதை நான் வெளியிலிருந்தே கேட்டேன். கட்டுப் போட்டுவிட்டார்கள். இனி மெஷின் பக்கம் போனால் இந்தக் கண்ணுக்குத் தான் பொறுப்பில்லை என்றாராம்.

வண்டியில் வரும்போது மாப்பிள்ளை என் தோளைப் பிடித்துக்கொண்டார். இதுவரை பிடித்ததில்லை.

அக்டோபர் 5, சனி

முடிந்ததைக் கட்டிக் கொண்டுபோனேன். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கிருபாகரன் சார் இன்று என்னைக் காக்க வைக்கவில்லை.

"தங்கமுத்துன்னா டயத்துக்கு வரும்னுதான் எங்க மேலதிகாரிகிட்டச் சண்ட போட்டு உங்களுக்கு வாங்கிக் குடுத்தேன்" என்றார். "மிச்சத்த ஓசூர்ல குடுத்துட்டேன். என்னாச்சு உங்க ஆளுங்களுக்கு?"

நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. மேசைமேல் ஒரு பேப்பர் வெயிட் இருந்தது. உள்ளே பூப் போட்டது. நல்ல வேலைப்பாடு.

அக்டோபர் 7, திங்கள். ஆயுத பூஜை

மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். யமுனா கோலம் போட்டாள். மாப்பிள்ளை ஒற்றைக் கண்ணோடு சூடம் காட்டினார். கை கொஞ்சம் தள்ளிப் போனது, யமுனா பிடித்துச் சரி செய்தாள். பூசணிக்காயை நான் உடைத்தேன். எப்போதும் வீதி முழுக்கக் காரும் லாரியும் ஏறி வழுக்குகிற அளவுக்குச் சிவப்பாகக் கிடக்கும். இன்று நம்முடையதையும் சேர்த்து நாலைந்து காய்தான்.

ஸ்வீட் கடைப் பையன் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தான். மூன்று.

மாப்பிள்ளை எடுத்து யமுனாவுக்கு ஒன்று கொடுத்தார். எனக்கு ஒன்று கொடுத்தார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்று பெட்டி, மூன்று பேர். கணக்கு சரியாகத்தான் வந்தது. நான் சொன்ன எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறவில்லை.

பெட்டியை இன்னும் திறக்கவில்லை. சர்க்கரை இருக்கிறதே.

அக்டோபர் 8, செவ்வாய். விஜயதசமி

இன்று மெஷினை ஒரு சுற்றாவது ஓட்டவேண்டும் என்பது ஐதீகம். மாப்பிள்ளை ஸ்விட்சைப் போட்டார். ராடு எதுவும் மாட்டவில்லை. வெறுமனே சுற்றியது. சந்தனம் காய்ந்து தூளாகப் பறந்தது. பிறகு நிறுத்திவிட்டார்.

அக்டோபர் 10, வியாழன்

பழைய மெஷின் வாங்குகிறவர் வந்தார். வாடகை, கரண்ட் பில், சரசுவின் செயின், கண் வைத்தியம். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், இரண்டு மெஷினையும் விற்றுவிட முடிவு. அவர் சொன்ன விலையைக் கேட்டு நான் எகிறினேன். "ஏனுங்க, இது ஜப்பான்காரனே மெச்சுன மெஷினுங்க!"

"இந்த வீதிலயே ஆறு பேர் விக்கறாங்கண்ணா. எல்லாரும் வித்தா யார் வாங்கறது? எடைக்குத்தான் எடுக்கறேன்" என்றார்.

கிரேன் வந்து தூக்கியது. தரையில் போல்ட் இருந்த துளைகள் மட்டும் இருக்கின்றன.

அக்டோபர் 11, வெள்ளி

யமுனாவும் மாப்பிள்ளையும் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். பட்டறையைப் பூட்டுவதற்கு முன் கூட்டிக்கொண்டிருந்தேன். மூலையில் நான் கடைந்த அந்த இடது பக்கக் குவியல் அப்படியே கிடந்தது. அதை ஒரு சாக்கில் அள்ளும்போது என் போன் அடித்தது. கிருபாகரன் சார்.

"யமுனா போன் எடுக்கல. ராக்கியப்பன், தீபாவளிக்கு வண்டி கொஞ்சம் நகருது. நவம்பர் ஷெட்யூல் வந்தாச்சு. பழையபடி இல்லைன்னாலும் பாதிக்கு மேல இருக்கு. போன தடவ நடந்தத விடுங்க, தங்கமுத்து கைவேலைய எங்க ஆளுங்க இன்னும் சொல்றாங்க. எடுத்துக்கறீங்களா?"

துடைப்பம் கையில் இருந்தது. துளைகளுக்குள் எண்ணெய் தேங்கியிருந்தது.

"பொங்கல் வரைக்கும் முடியாதுங்க சார்" என்றேன்.

"அப்படியா?" என்றார். "சரி" என்று வைத்துவிட்டார்.

பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் யாருமில்லை. ஜோஸ் சேட்டன் அடுப்பைத் தணித்து வைத்திருந்தார்.

"ராக்கியப்பண்ணா, கம்பெனில எந்தா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன்.